பவளியின் சுவரும் கரிச்சானின் கூச்சலும்

ஒரு காட்டில், மலைச்சரிவில் தனியாக நின்ற ஓர் அயனி மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பொந்து இருந்தது. பவளி என்ற பெண் இருவாச்சி அந்தப் பொந்தில் முட்டையிட முடிவு செய்தாள்.

குழந்தைகளே, இருவாச்சியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அது பெரிய பறவை. அதன் மஞ்சள் அலகு உங்கள் முழங்கை நீளம் இருக்கும். அது பறக்கும்போது இறக்கை இரைகிற சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். அவ்வளவு பெரிய பறவை முட்டையிடும் காலத்தில் ஒரு விசித்திரமான காரியம் செய்யும். பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து, உள்ளேயிருந்தே வாசலை அடைத்துவிடும். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும்.

பவளி முட்டையிடுவது இதுதான் முதல் முறை. அவளுடைய துணைவன் மலையன் ஓடைக்கரையிலிருந்து ஈரமண் கொண்டுவந்து வைத்தபோது அவள் தொடவே இல்லை.

"நான்கு மாதம் இருட்டில் தனியாகவா?" என்று கேட்டாள். "நான் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லையே!"

"நம் கூட்டத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்," என்றான் மலையன்.

"எல்லாருக்கும் பக்கத்து மரத்தில் கரிச்சான் இல்லை. நமக்கு இருக்கிறான். அவன் காவல் காக்கட்டும். வாசல் திறந்தே இருக்கட்டும். நானும் உன்னோடு பழம் தின்ன வருவேன்."

பக்கத்து மரத்துக் கரிச்சான் இதைக் கேட்டு அருகே பறந்துவந்து உட்கார்ந்தான். உள்ளங்கை அளவு உடம்பு, கரிய நிறம், வாலில் இரண்டு நீண்ட இழைகள். ஆள் சிறியவன். ஆனால் வாயைத் திறந்தால் காடே திரும்பிப் பார்க்கும்.

"காவல் காக்கிறேன், அக்கா," என்றான். "நீங்கள் கீழே போடும் பழத்தோலில் பூச்சி மொய்க்கும். அதைப் பிடித்துத் தின்றுகொள்வேன். வேறு கூலி வேண்டாம். கழுகு வந்தால் கொத்தித் துரத்துவேன். எது வந்தாலும் கத்துவேன். ஆனால் மரமேறி வருகிற ஒன்றை என்னால் பிடித்து நிறுத்த முடியாது. என் எடை எவ்வளவு? நீங்கள் விழுங்கும் நாலு அத்திப்பழம்தான்."

மலையன் யோசித்தான். "சுவரும் இருக்கட்டும், தம்பி, நீயும் இரு," என்றான்.

பவளி அரைமனதோடு உள்ளே போனாள். ஒரு வாரம் அலகால் மண்ணைத் தட்டித் தட்டிச் சுவர் எழுப்பினாள். ஒவ்வொரு நாளும் வெளிச்சம் குறைந்தது. கடைசியில் ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது. அதன் வழியே பார்த்தால் ஒரு கிளை, ஒரு துண்டு வானம், எதிர்மலையின் ஓர் ஓரம். அவ்வளவுதான் அவளுக்கு உலகம்.

சில நாட்களில் அவளுடைய இறக்கைச் சிறகுகள் உதிர்ந்தன. அடைகாக்கும் இருவாச்சிக்கு அப்படி உதிரும். மெதுவாகத்தான் மறுபடி முளைக்கும். இனி சுவர் இல்லாவிட்டாலும் அவளால் பறக்க முடியாது.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மலையன் வருவான். கீறல் வழியாக அவன் அலகின் நுனி மட்டும் உள்ளே வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பழங்கள் வரும். முகத்தைப் பார்க்க முடியாது.

"வெளியே எப்படி இருக்கிறது?" என்று பவளி கேட்பாள்.

"வெயில்," என்பான் மலையன். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. பழம் தீர்ந்ததும் இறக்கை இரைச்சலோடு போய்விடுவான். அந்த இரைச்சல் தேய்ந்து மறையும்வரை பவளி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அப்புறம் பேச யாரும் இல்லை.

முட்டை பொரிந்தது. இறகு முளைக்காத ஒரு குஞ்சு வந்தது. அதற்கும் பேசத் தெரியாது. பசித்தால் கத்தும், வயிறு நிறைந்தால் தூங்கும்.

கரிச்சான் தன் வேலையை விடாமல் செய்தான். கொஞ்சம் அதிகமாகவே செய்தான். கழுகு வட்டமிட்டால் கத்தினான். குரங்கு தாவினால் கத்தினான். கீழே மான் நடந்தால் கத்தினான். பெரிய சருகு ஒன்று விழுந்தாலும் கத்தினான். எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல்தான்.

இந்த நேரத்தில்தான் மஞ்சள் கழுத்து மரநாய் ஒன்று அந்தச் சரிவுக்கு வந்தது. குஞ்சின் வாசனை அதன் மூக்குக்கு எட்டியது. அது அயனி மரத்தில் ஏறி, சுவரை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தது. சுவர் கல்லாக இருந்தது. அதற்குள் கரிச்சான் கத்திக்கொண்டு வந்து அதன் காதில் கொத்தினான். மரநாய் இறங்கிப் போனது.

மரநாய் புதருக்குள் படுத்து யோசித்தது. 'சுவர் கெட்டி. ஆனால் அதற்குக் கண் இல்லை. பொறுமையாகச் சுரண்டினால் எந்த மண்ணும் உதிரும். இந்தக் கத்துகிறவன் இருக்கும்வரை சுரண்ட முடியாது. இவனை நான் துரத்த முடியாது. அவளே துரத்தவேண்டும்.'

மறுநாளிலிருந்து அது அயனி மரத்தின் பக்கமே வரவில்லை. தூரத்து மரத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. கரிச்சான் கத்தினான். மரநாய் ஒளிந்துகொண்டது. சற்று நேரம் கழித்து வேறொரு மரத்தில் தலையை நீட்டியது. கரிச்சான் மறுபடி கத்தினான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இப்படியே நடந்தது. மறுநாளும் நடந்தது. அதற்கு அடுத்த நாளும் நடந்தது.

அது பவளிக்கு மிகவும் கெட்ட காலம். பக்கத்து அத்திமரங்கள் ஓய்ந்துவிட்டன. மலையன் மூன்று மலை தாண்டிப் போய்ப் பழம் தேடினான். இருமுறை வந்தவன் நாளுக்கு ஒருமுறைதான் வந்தான். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தான்.

கரிச்சான் ஒவ்வொரு முறை கத்தும்போதும் பவளி, 'மலையன் வருகிறானோ!' என்று கீறலுக்கு ஓடிவருவாள். கண்ணை வைத்துப் பார்ப்பாள். கிளையும் வானமும்தான் தெரியும். ஒரு நாளில் முப்பது முறை ஓடிவந்தாள். முப்பது முறையும் யாரும் இல்லை.

மாலையில் அவள் கீறலில் வாய் வைத்துக் கூப்பிட்டாள். "கரிச்சான்!"

"சொல்லுங்கள், அக்கா."

"எதற்கு இப்படிக் கத்துகிறாய்?"

"மரநாய், அக்கா. அங்கே, பூவரச மரத்தில்."

"அது அங்கே இருந்தால் எனக்கென்ன? என் சுவரைத் தொட்டதா?"

"இன்று தொடவில்லை."

"நேற்று?"

"நேற்றும் இல்லை. ஆனால்…"

"ஆனால் என்ன? குஞ்சு தூங்கவில்லை. நீ கத்தும்போதெல்லாம் அவர் வந்துவிட்டார் என்று நினைத்து நான் எழுந்து வருகிறேன். உனக்கு அது தெரியுமா? இந்தச் சுவர் என்னைக் காக்கிறது. உன் கூச்சல் என்னைக் கொல்கிறது."

கரிச்சான் கீறலுக்கு அருகே வந்து உட்கார்ந்தான். "நான் போகட்டுமா, அக்கா?" என்று கேட்டான்.

"போ. எனக்குச் சுவர் போதும்."

கரிச்சான் ஓடைக்கு அந்தப்பக்கம் பறந்துபோனான்.

அன்று மாலை அமைதியாக இருந்தது. பவளிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. குஞ்சு நன்றாகத் தூங்கியது. ஆனால் மறுநாள் பகலெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. வெளியே உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவள் குஞ்சிடம், "வெயிலாக இருக்கும்," என்று தானாகவே சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குக் கோடை மழை ஒன்று பெய்தது. மழைநீர் மரப்பட்டையில் வழிந்து சுவரின் அடிப்பக்கத்தை நனைத்தது. உள்பக்கம் காய்ந்தே இருந்தது. பவளி அலகால் தட்டிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. வெளிப்பக்கத்தை அவளால் பார்க்க முடியாதே!

மழை விட்டதும் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. 'கர்ர்… கர்ர்…'

'மரங்கொத்தி போலிருக்கிறது,' என்று நினைத்தாள் பவளி. ஏதோ ஓர் உயிர் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்கு அந்தச் சத்தம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அது மரங்கொத்தி அல்ல. மரநாய் அடிச்சுவரின் ஈரமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் சுரண்டும், நிறுத்தும், கேட்கும். யாரும் கத்தவில்லை. மறுபடி சுரண்டும்.

மலையன் வரவேண்டிய நாள் வந்தது. அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பவளி கீறலை விட்டு நகரவே இல்லை. தன் வயிற்றில் இருந்த கடைசிப் பழத்தையும் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிட்டாள். பகலில் 'கர்ர்' சத்தம் கேட்டது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு மனம் இல்லை.

மூன்றாம் நாள் நடுப்பகலில் பொந்துக்குள் வெளிச்சம் விழுந்தது. கீறல் வழியாக அல்ல, காலடியில்.

பவளி குனிந்து பார்த்தாள். சுவரின் அடியில் ஒரு நெல்லிக்காய் அளவு ஓட்டை. அது அவள் கண்முன்னே பெரிதானது. அதன் வழியே ஒரு நகம் வந்தது. பிறகு ஐந்து நகங்களோடு ஒரு கை வந்தது. கை பொந்தின் தரையைத் தடவி, குஞ்சு இருந்த பக்கம் நீண்டது.

பவளி அந்தக் கையைத் தன் அலகால் கவ்விக்கொண்டாள். மரநாய் உறுமியது. கையை இழுத்தது. அவள் விடவில்லை. அது உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தது. சுவரில் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. இப்போது கை மட்டுமல்ல, மூக்கும் உள்ளே வந்தது.

"நீ தனியாக இருக்கிறாய், பவளி," என்றது மரநாய். "கத்தவும் ஆள் இல்லை. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பாய்?"

பவளிக்கு யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. மலையன் எங்கே என்று தெரியாது. கூட்டம் மூன்று மலைக்கு அப்பால். தான் போகச் சொன்ன ஒருவனைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை. மரநாயின் மூக்கில் ஓங்கிக் கொத்திவிட்டு, அவள் கீறலில் வாய் வைத்துப் பெருங்குரலில் கத்தினாள்.

"தம்பி! கரிச்சான் தம்பி!"

பதில் இல்லை. பள்ளத்தாக்கு அமைதியாக இருந்தது. மரநாய் மறுபடி தலையை நுழைத்தது.

அப்போது வெளியே அந்தப் பழைய கூச்சல் கேட்டது. அவள் வேண்டாம் என்று சொன்ன அதே கூச்சல். ஒரு கரிய கல் விழுவதுபோலக் கரிச்சான் மேலேயிருந்து பாய்ந்து மரநாயின் பின்னங்கழுத்தில் கொத்தினான். மரநாய் தலையை வெளியே இழுத்துத் திரும்பிக் கடித்தது. பல்லில் காற்றுதான் சிக்கியது. கரிச்சான் மேலே எழுந்து, சுழன்று, இம்முறை கண்ணோரத்தில் கொத்தினான். மரநாய் பக்கத்துக் கிளைக்குத் தாவியது.

"அக்கா!" என்று மூச்சிரைக்கக் கத்தினான் கரிச்சான். "நான் இதை ரொம்ப நேரம் செய்ய முடியாது. கட்டுங்கள்! சீக்கிரம் கட்டுங்கள்!"

பவளி கட்டினாள். தரையில் கிடந்த எச்சத்தையும், பழக்கொட்டையையும், மரத்தூளையும், உதிர்ந்த தன் சிறகுகளையும்கூடத் திணித்துத் தட்டினாள். வெளியே மரநாய் பாயும்போதெல்லாம் கரிச்சான் பாய்ந்தான். அவனுடைய வால் இழை ஒன்று அறுந்து விழுந்தது. வெயில் சாய்ந்தபோது ஓட்டை அடைபட்டிருந்தது. மரநாய் புண்பட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனது.

கரிச்சான் கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு பவளி கீறலுக்கு வந்தாள்.

"நான் உன்னைப் போகச் சொன்னேன்," என்றாள்.

"ஆமாம், அக்கா. அதனால் ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்தேன். மரநாயை அங்கேயிருந்து பார்க்க முடியவில்லை. உங்கள் குரல் மட்டும் கேட்டது."

"நான் உன்னிடம் பேசியது தப்பு."

"நானும் சருகுக்கெல்லாம் கத்தியது தப்பு," என்றான் கரிச்சான். "எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கத்தினால் கேட்கிறவர் என்ன செய்வார்? இனி மானுக்கும் குரங்குக்கும் கத்தமாட்டேன். இந்த மரத்தில் நகம் பட்டால் மட்டும் கத்துவேன்."

பவளி கொஞ்சம் தயங்கினாள். பிறகு மூன்று நாளாகக் கேட்க வேண்டியிருந்ததைக் கேட்டாள்.

"தம்பி, அவர் வருகிறாரா?"

கரிச்சான் எதிர்மலையைப் பார்த்தான். "வரவில்லை, அக்கா. அந்தப்பக்கத்திலிருந்தும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

மலையனுக்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பவளி அழவில்லை. குஞ்சு பசியில் கத்திக்கொண்டிருந்தது. அவள் தன் இறக்கையை விரித்துப் பார்த்தாள். சிறகுகள் முக்கால்வாசி முளைத்திருந்தன.

"நான் வெளியே வரவேண்டும்," என்றாள். "மரநாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறாயா?"

மறுநாள் காலை கரிச்சான் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ஓடையின் கீழ்த்திருப்பத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது வாருங்கள்."

பவளி தான் கட்டிய சுவரைத் தானே உடைத்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. அவள் கிளையில் வந்து உட்கார்ந்தாள். எவ்வளவு பெரிய வானம்! ஆனால் அதைக் காட்டி, 'பார்த்தாயா?' என்று கேட்கப் பக்கத்தில் மலையன் இல்லை.

அவள் திரும்பி, திறந்த வாசலை அடைக்க மண் தேடினாள். அதற்குள் உள்ளேயிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. குஞ்சு தன் சின்ன அலகால் உடைந்த மண்ணை எடுத்துத் தானே வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. வாசல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. கடைசியில் குஞ்சின் ஒரு கண் மட்டும் கீறலில் தெரிந்தது.

"பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள் பவளி.

"இருட்டாக இருக்கிறது," என்றது குஞ்சு. அது சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும், கண்ணே. வெளியே கரிச்சான் மாமா இருக்கிறார். வெளிச்சுவரை இவர் பார்த்துக்கொள்வார். இவர் கத்தினால் சுவரை விட்டு உள்ளே தள்ளி உட்கார். நான் உடனே வந்துவிடுவேன்."

பவளி பறந்தாள். வழியெல்லாம் மலையனைக் கூப்பிட்டாள். முதல் மலையில் கூப்பிட்டாள், இரண்டாம் மலையில் கூப்பிட்டாள். பாறையில் பட்டு அவள் குரலே திரும்பி வந்தது. இரண்டாம் மலைக்குக் கீழே ஓர் அத்திமரம் பழுத்திருந்தது. தொண்டை நிறைய விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

நான்காம் நாள் அவள் பாதிவழியில் வரும்போது கரிச்சானின் குரல் கேட்டது. மூன்று நாளாக அவன் வாயே திறக்கவில்லை. அதனால் அந்த ஒரு குரலுக்கே அவள் உயிர் பதறியது. இறக்கையை இரைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் பாய்ந்து வந்தாள். மரநாய் மரத்தில் ஏறியிருந்தது. சுவரில் கை வைத்திருந்தது. ஆனால் சுவர் உடையவில்லை. மண் நன்றாகக் காய்ந்திருந்தது. பவளி வந்த வேகத்தில் தன் கனத்த அலகால் அதன் முதுகில் மோதினாள். மரநாய் கிளையிலிருந்து கிளைக்கு உருண்டு தரையில் விழுந்தது. நொண்டிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனது. அதன் பிறகு அது அந்த மரத்தின் பக்கம் வரவே இல்லை.

குஞ்சு வளர்ந்தது. ஒரு மாதம் சென்று ஒரு நாள் காலையில் அது சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிளையில் தடுமாறி உட்கார்ந்தது. அன்று மாலை கரிச்சானும் விடைபெற்றான். அவனுடைய கூட்டத்தார் வேறு சரிவுக்குப் போகும் காலம் வந்திருந்தது.

"அடுத்த வருடம் வருவாயா, தம்பி?" என்று கேட்டாள் பவளி.

"நீங்கள் சுவர் கட்டுவதாக இருந்தால் வருவேன், அக்கா," என்றான் கரிச்சான். அறுந்த வாலோடு பறந்துபோனான்.

பவளியும் குஞ்சும் கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை வெயில் எதிர்மலையின் உச்சியில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு மாலையும் போலப் பவளி அந்த மலையைப் பார்த்து ஒருமுறை மலையனைக் கூப்பிட்டாள். மலையிலிருந்து பதில் வரவில்லை.

பக்கத்திலிருந்து, உடைந்த சின்னக் குரலில், குஞ்சு பதில் சொன்னது.

நீதி: சுவர் தடுக்கும், ஆனால் சொல்லாது; காவல் சொல்லும், ஆனால் தடுக்காது. ஒன்று இருக்கிறதென்று மற்றொன்றை அனுப்பிவிடாதே.